காட்டோரத்தில் தென்பட்டது எந்த விலங்கு?

பெயர் தெரியாத ஒரு பாலூட்டியை அடையாளம் காண உதவும் முதல் தகவல், அது தென்பட்ட இடம். உலகில் இதுவரை 6,000-க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் அவை 400-க்குச் சற்று மேல். அவற்றிலும் பெரும்பகுதி வௌவால்களும் எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்குகளும்தான். தமிழ்நாட்டின் உள்நாட்டுச் சமவெளியில் பூனையளவு முதல் நாயளவு வரையிலான ஊனுண்ணிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், பட்டியல் பத்துப் பெயர்களுக்குள் அடங்கிவிடும். பார்த்தவர் மனத்தில் முதலில் எழுவது நிறமும் பருமனும். அடையாளம் காண்பவர் அவற்றைக் கடைசியில்தான் கேட்கிறார். பெரும்பாலான தவறுகள் இந்த வரிசை தலைகீழாவதால் நேர்கின்றன.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ள திருவரங்குளத்தைச் சுற்றிய நிலப்பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெட்டவெளிச் செம்மண் நிலம், கண்மாய்கள், முந்திரிக் கொல்லை, கடலை விளையும் மேட்டுநிலம், தைலமரக் காடு, அவற்றுக்கு இடையே எஞ்சியிருக்கும் முட்புதர்க் காடு என்று சில கிலோமீட்டருக்குள் நிலம் பலமுறை மாறுகிறது. கிழக்கே வடகாடு, கீரமங்கலம் பக்கம் போனால் தென்னை, பலா, வாழை. இந்த மாவட்டத்தின் பழைய காடு வெப்பமண்டல உலர் பசுமை மாறாக் காடு என்ற வகையைச் சேர்ந்தது. உயரம் குறைந்த, தடித்த இலைகளைக் கொண்ட, கோடையிலும் பச்சை மாறாத மரங்கள் நெருங்கி வளரும் காடு அது. உலக்கைப் பாலை, வீரை, காசான் போன்ற மரங்களும் சூரை, காரை முட்களும் அதன் அடையாளம். இன்று அது பெரும்பாலும் ஐயனார் கோயில் காடுகளில்தான் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. ஊர்மக்கள் தெய்வத்துக்கென்று கோடரி படாமல் விட்டுவைத்த அந்தச் சில ஏக்கர் நிழல், பகலெல்லாம் உறங்கி இரவில் வெளிவரும் விலங்குகளுக்குப் பெரும் புகலிடம். அதன் மதிப்பு இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

இத்தகைய நிலத்தில் எதிர்பார்க்கக்கூடிய ஊனுண்ணிகள்: கீரியில் இரு வகை, மரநாய், புனுகுப் பூனை, காட்டுப்பூனை, மிக அரிதாகத் துரும்பன் பூனை, நரி, அதைவிடச் சிறிய வங்காள நரி. இவற்றோடு ஊனுண்ணிகள் அல்லாத முயல், முள்ளம்பன்றி, அழுங்கு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெரியாத விலங்கைக் கண்டதாக யாரேனும் சொன்னால், அது இந்தப் பட்டியலில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். பட்டியலுக்கு வெளியே உள்ள பெயரைச் சொல்ல வேண்டுமானால், அதற்கேற்ற அளவு வலுவான சான்று வேண்டும்.

அப்படிச் சான்று கிடைப்பதும் உண்டு. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் மயிலாடுதுறை நகரில் சிறுத்தை நடமாடுவதாகச் செய்தி வந்தது. வயலும் வாய்க்காலுமான காவிரிப் படுகையில் யாரும் எதிர்பார்க்காத விலங்கு அது. ஆனால் தெருவின் கண்காணிப்புக் கேமராவில் அதன் உருவம் பதிவாகியிருந்தது. வனத்துறையினர் காலடித் தடங்களைத் தேடினர். தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தினர். பின்னர் அரியலூர் மாவட்டத்தின் செந்துறைப் பகுதியிலும் சிறுத்தை தென்பட்டது. படமும் தடமும் இருந்ததால்தான் அது சிறுத்தை என்று ஏற்கப்பட்டது. வெறும் வாய்மொழியாக மட்டும் வந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், நம்பாததும் முறைதான்.

காட்டு விலங்கு கண்ணில் படுவது பெரும்பாலும் சில விநாடிகளே. அந்த நேரத்தில் கண் செய்யும் இரண்டு கணிப்புகள் எளிதில் பிழைபடும். முதலாவது பருமன். பக்கத்தில் ஒப்பிட வேலிக்கல்லோ மரமோ இல்லாத வெளியில், விலங்கின் தூரம் தவறாகக் கணிக்கப்பட்டால் அதன் அளவும் தவறிவிடும். அச்சம் அதை மேலும் பெரிதாக்கும். மயிர் சிலிர்த்து நிற்கும் கீரி தன் இயல்பான அளவைப் போல இரு மடங்காகத் தெரியும். இரண்டாவது நிறம். மங்கிய ஒளியில் விழித்திரையின் நிறம் உணரும் செல்கள் செயலிழந்து, ஒளி-இருள் மட்டும் உணரும் செல்களே வேலை செய்கின்றன. மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் எல்லா மயிரும் ஒரே பழுப்பாகத் தெரியும். வண்டியின் முகப்பு விளக்கில் சாம்பல் நிற விலங்கு பொன்னிறமாக மின்னும். இருட்டில் ஒளிரும் கண்களை வைத்துப் பெயர் சொல்வதும் அதேபோல நம்பகமற்றது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள பளபளப்பான படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கண் ஒளிர்கிறது. அந்த ஒளியின் நிறம் விளக்கைப் பொறுத்தும் கோணத்தைப் பொறுத்தும் மாறும். மண்சாலையில் தரையோடு தரையாகச் செந்நிறத்தில் கனலும் கண்கள் பல நேரம் விலங்கினுடையவையே அல்ல. பக்கி என்னும் இரவுப் பறவை சாலையில் அமர்ந்திருக்கும்.

இந்தக் குழப்பங்களுக்கு நடுவிலும் மாறாமல் நிற்பவை சில: உடலின் புறவடிவம், கால்களின் உயரம், உடலோடு ஒப்பிட்டால் வாலின் நீளம், அந்த வாலை அது வைத்திருக்கும் விதம், நடை. நிழலுருவாக மட்டும் தெரிந்தாலும் இவற்றைக் கொண்டு குடும்பத்தைச் சொல்லிவிடலாம். பூனைக்கு உருண்டைத் தலை, குறுகிய மூக்கு, உயர்ந்த கால். நாய்க் குடும்பத்துக்கு நீண்ட முகவாய், உயர்ந்த கால், சளைக்காத ஓட்டநடை. கீரிக்குக் குட்டைக் கால், நீள உடல், அடிப்பகுதி பருத்து நுனி நோக்கி ஒடுங்கும் வால். மரநாயும் புனுகுப் பூனையும் சேர்ந்த குடும்பம் இவற்றுக்கு நடுவே நிற்கிறது. பூனை என்று பெயர் பெற்றும் பூனையாகாத, நாய் என்று பெயர் பெற்றும் நாயாகாத விலங்குகள் இவை. தமிழ்நாட்டில் 'இது என்ன விலங்கு' என்ற கேள்வியோடு எடுக்கப்படும் படங்களில் அடிக்கடி இருப்பது மரநாய். எனவே அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

மரநாய் 2 முதல் 5 கிலோ வரை எடையுள்ளது. உடல் ஏறத்தாழ அரை மீட்டர். வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். மயிர் சொரசொரப்பான சாம்பல் அல்லது பழுப்புக் கலந்த கருமை. முதுகில் மங்கலான மூன்று கோடுகள் ஓடும். விலாவில் புள்ளிகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஐயமறச் சொல்லும் அடையாளங்கள் இரண்டு. ஒன்று முகம்: கண்களைச் சுற்றிக் கரும்பட்டை, கண்ணுக்குக் கீழேயும் நெற்றியிலும் வெண்மை. மற்றொன்று வளையங்களே இல்லாத, ஒரே கருமையான நீண்ட வால். உள்ளங்கால் மயிரின்றி மெத்தென்று இருப்பதால் தென்னையிலும் பனையிலும் சறுக்காமல் ஏறும். தலைகீழாக இறங்கவும் அதனால் முடியும். பாளையில் கட்டிய கள்ளை நக்கிக் குடிக்கும் பழக்கத்தால் ஆங்கிலேயர் இதைக் கள்ளுப் பூனை என்றே அழைத்தனர்.

ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்ததாயினும் இதன் முதன்மை உணவு பழம். நாவல், இலந்தை, பப்பாளி, வாழை, சப்போட்டா, பலாச்சுளை எதுவும் விலக்கல்ல. எலி, பூச்சி, நத்தை ஆகியவற்றையும் தின்னும். பகலில் மரப்பொந்தில் உறங்கும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் ஆலங்குடி வட்டாரத்தில் தென்னையையும் முதிய பலா மரங்களையும் பெருமளவில் சாய்த்தது. இப்படிப் பொந்துள்ள மரம் குறைந்த இடத்தில் ஓட்டு வீட்டின் பரணும், பயன்படாத கிடங்கும், கோயில் கோபுரத்தின் மாடங்களும் அதற்குப் பொந்தாகின்றன. நள்ளிரவில் கூரையின் மேல் கேட்கும் தடதடப்பும், காலையில் அடுக்களைப் பக்கம் வீசும் ஒருவித வாடையும் வீட்டாரை மிரளவைக்கின்றன. அந்த வாடை வால் அடியில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருவது. விலங்கு யாரையும் தாக்க வருவதற்கான அறிகுறி அன்று.

புனுகுப் பூனை இதற்கு நெருங்கிய உறவு, ஆனால் வாழும் முறை வேறு. 2 முதல் 4 கிலோ எடையுள்ள இது தரைவாழ் விலங்கு. மரம் ஏறுவது குறைவு. புல்வெளி, புதர், வயலோரம், வரப்பில் உள்ள வளை ஆகியவையே இதன் இடம். நெற்றி குறுகி, காதுகள் தலையுச்சியில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். முதுகில் நீளவாட்டில் தெளிவான கோடுகள்; விலாவில் வரிசை பிடித்த கரும்புள்ளிகள்; கழுத்தில் குறுக்குப் பட்டைகள். வால் உடலைவிடக் குட்டை, அதில் ஆறு முதல் ஒன்பது வரை கரிய வளையங்கள். எனவே வாலைப் பார்த்தால் போதும். வளையம் இருந்தால் புனுகுப் பூனை, இல்லாவிட்டால் மரநாய். இதன் குதத்தருகே உள்ள சுரப்பியிலிருந்து எடுக்கப்படும் புனுகு, கோயில் வழிபாட்டிலும் நறுமணப் பொருள்களிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. திருப்பதி வேங்கடவன் கோயிலில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் புனுகு சாத்தும் வழக்கம் உண்டு. ஒரு காலத்தில் ஊர்மக்களுக்கு நன்கு தெரிந்த விலங்கு இன்று தெரியாத விலங்காகப் படம்பிடிக்கப்படுவது வருத்தம் தருவது.

காட்டுப்பூனைதான் 'சிறுத்தைக் குட்டி' என்ற வதந்திக்கு அடிக்கடி ஆளாவது. வீட்டுப் பூனையைவிடப் பெரியது. கால்கள் வியக்கத்தக்க அளவு நீளம். உடலில் புள்ளி இல்லை, மங்கிய மணல் நிறம் மட்டுமே. காது நுனியில் சிறு கருங்குஞ்சம், காலின் மேற்பகுதியில் மங்கலான பட்டைகள், குட்டையான வாலின் நுனிப் பக்கம் இரண்டு மூன்று கருவளையங்கள். நிற்கும்போது வால் பின்னங்காலின் கணுவை ஒட்டியே முடிந்துவிடும். சிறுத்தையின் வாலோ உடல் நீளத்தில் பாதிக்கும் மேல், தரையைத் தொடும் அளவு தாழ்ந்து நுனியில் மேல்நோக்கி வளையும். குட்டியானாலும் உடலெங்கும் புள்ளி இருக்கும். காட்டுப்பூனையில் முழுக் கருமை நிறமுள்ளவையும் இந்தியாவில் பதிவாகியுள்ளன. கருஞ்சிறுத்தை என்ற பேச்சு எழும் இடங்களில் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். வீட்டுப் பூனையோடு இது கலந்து இனப்பெருக்கம் செய்யும் என்பதால், இரண்டும் கலந்த தோற்றமுள்ளவற்றுக்கு உறுதியான பெயர் சொல்லவே முடியாது.

பட்டியலில் கண்ணுக்கு மிக அரிதாகப்படுவது துரும்பன் பூனை. உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் இது ஒன்று; வளர்ந்தது 0.9 முதல் 1.6 கிலோ, அதாவது வளர்ந்த வீட்டுப் பூனையில் பாதிகூட இராது. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளுக்கு வெளியே இது இல்லை. அறிவியலுக்கு இது அறிமுகமானது தமிழ் நிலத்திலிருந்துதான். புதுச்சேரியிலிருந்து பாரிசுக்குச் சென்ற மாதிரியைக் கொண்டு இசிடோர் ஜெஃப்ராய் செயின்ட்-இலேர் 1831-இல் இதற்குப் பெயரிட்டார். செம்பழுப்புத் துருப் புள்ளிகள் விலாவில் வரிசையாக இருக்கும்; கண்ணுக்கு மேலிருந்து பிடரி நோக்கி நான்கு கருங்கோடுகள் செல்லும்; வாலில் புள்ளி இராது. பெற்றோர் அருகில் இல்லாத வீட்டுப் பூனைக்குட்டி என்று எண்ணி ஊர்மக்கள் இதன் குட்டிகளை எடுத்துவந்துவிடுவது உண்டு. கரும்பு வெட்டும்போது கிடைக்கும் காட்டுப்பூனைக் குட்டிகளுக்கும் இதே கதிதான். தாய் அருகிலேயே மறைந்திருக்கும். எடுத்த இடத்திலேயே உடனே விட்டால் இரவில் வந்து கவ்விச் சென்றுவிடும்.

கீரியைப் பெயர் தெரியாத விலங்கு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் இரு கீரிகளில் ஒன்றைப் பலர் கவனித்ததில்லை. ஊருக்குள் வருவது சாம்பல் கீரி. அதன் ஒவ்வொரு மயிரிலும் வெளிர்-கரு வளையங்கள் மாறி மாறி இருப்பதால் உடல் மிளகும் உப்பும் தூவியதுபோல் தெரியும். வால் நுனி வெளிர். புதர்க்காட்டில் வாழும் செங்கீரி சற்றுச் சிவந்தது. சாலையைக் கடக்கும்போது அது வாலைத் தரைக்கு இணையாக நீட்டி, கருமையான நுனியை மட்டும் மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கும். தூரத்திலிருந்தும் தெரியும் அந்த ஒரு கருநுனி போதும். இரண்டும் பகலில் நடமாடுபவை. நள்ளிரவில் கீரி போன்ற ஒன்றைக் கண்டதாகச் சொன்னால், மரநாய் அல்லது பெருச்சாளியை எண்ணிப் பார்ப்பது நல்லது. நரிகளில், 8 முதல் 11 கிலோ வரையுள்ளது பொன்னிற நரி. 2 முதல் 4 கிலோவே உள்ள, மெலிந்த காலும் பெரிய காதும் புதர்போல் அடர்ந்து கருநுனியில் முடியும் வாலும் கொண்டது வங்காள நரி. தொலைவிலிருந்து பார்ப்பவர் வங்காள நரியைப் பூனை என்றே எடுத்துக்கொள்வதும் உண்டு.

எந்தக் குடும்ப வடிவிலும் அடங்காதவைதான் அடையாளம் காண்பவரைத் திணறவைக்கும். அழுங்கு உடலெங்கும் செதில் போர்த்தது. தெரியாதவர் அதைப் பெரிய ஊர்வன என்றே நினைப்பார். ஆனால் அது பாலூட்டி. எறும்பும் கரையானும் தின்று வாழ்வது. மிரண்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். தேவாங்குக்கு வால் இல்லை. கால் கிலோ அளவே எடையுள்ள உடலில் இரு பெரிய கண்கள், குச்சிபோன்ற கைகால்கள், கிளையில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கும் நடை. புதுக்கோட்டைக்கு மேற்கே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிய கடவூர்க் காடுகளை 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. அதன் பரப்பு 11,806 ஹெக்டேர். கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகளின் வறண்ட காடுகளில் மூங்கில் அணத்தான் வாழ்கிறது. பார்ப்பவர் எல்லாரும் அதை அணில் என்று கடந்துபோவார்கள். முதுகில் கோடுகள் இல்லாமை, நீண்டு கூர்ந்த முகவாய், தோளில் வெளிர் நிறக் கோடு, தரையில் இலைச்சருகைக் கிளறிப் பூச்சி தேடும் பழக்கம் ஆகியவை அது அணில் அல்ல என்று காட்டும். கொறிக்கும் விலங்குகளின் வரிசையிலேயே சேராத, தனி வரிசையைச் சேர்ந்தது அது.

நோயும் விலங்கை அடையாளமற்றதாக்கும். சொறி உண்டாக்கும் நுண்ணிய உண்ணிகள் தாக்கினால் மயிர் உதிர்ந்து, தோல் தடித்துச் சுருங்கி, காது பெரிதாகவும் வால் எலிவால்போலவும் தெரியும். கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில் 1995-இல் கால்நடைகளின் இரத்தத்தைக் குடிக்கும் விந்தை விலங்கு என்று ஒரு பேச்சு கிளம்பிப் பல நாடுகளுக்குப் பரவியது. பின்னர் அமெரிக்காவில் அந்த விலங்கின் உடல் என்று ஆய்வுக்கு வந்தவை, சொறி பிடித்த கோயோட்டி எனப்படும் நாய்க் குடும்ப விலங்குகளும் நாய்களுமாகவே இருந்தன. மயிர் நீங்கிய நரியைத் தமிழ்நாட்டில் கண்டாலும் இதே குழப்பம் நேரும். அங்கே நம்ப வேண்டியது மண்டையின் வடிவையும் காலையும் பல்லையுமே.

விலங்கு போன பின்னும் அதன் தடம் நிற்கிறது. கண்மாயின் ஈரக் கரை, மழைக்குப் பிந்தைய மண்சாலை, புழுதி படிந்த வண்டிப்பாதை ஆகியவை இதற்கு நல்ல ஏடுகள். பூனைக் குடும்பத்தின் தடத்தில் நான்கு விரல், நகம் பதியாது, அடிமெத்தையின் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். நாய்க் குடும்பத்தில் நான்கு விரலோடு நகமும் பதியும். கீரி, மரநாய்த் தடங்களில் ஐந்து விரல் தெரியும்; மரநாய்க்கு உள்ளங்கால் முழுதும் பதிந்து சிறு குழந்தையின் கால்போல் நீண்டிருக்கும். முள்ளம்பன்றியின் தடத்தோடு முட்கள் தரையைக் கீறிய கோடுகளும் வரும். படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைப்பது நல்லது. இல்லாவிட்டால் அளவு தெரியாமல் படம் பாதி வீணாகும்.

எச்சம் இன்னும் நிறையச் சொல்லும். மதில், பாறை, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, வீட்டு மொட்டைமாடி என்று உயரமான இடங்களில், முழு விதைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் அது மரநாயினுடையது. விதை உடையாமல், செரிக்காமல், சதை மட்டும் நீங்கி வெளியேறுகிறது. காப்பித் தோட்டங்களில் இவ்வாறு வெளியேறும் கொட்டைகள் உலகச் சந்தையில் பெரும் விலைக்குப் போகின்றன. நாவல், இலந்தை போன்ற மரங்களின் விதையைக் கோயில் காட்டிலிருந்து கொல்லைக்கும், கொல்லையிலிருந்து புறம்போக்குக்கும் பரப்புவதில் இந்த விலங்குக்கும் பங்குண்டு. புனுகுப் பூனை தரையில் ஒரே இடத்தைக் கழிவிடமாக வைத்துப் பலமுறை பயன்படுத்தும். பாதை பிரியும் இடத்தில் மயிரும் இலந்தை விதையும் கலந்து கிடப்பது பெரும்பாலும் நரியினுடையது.

இதே முறையைக் கடல் கடந்து ஒரு தீவுக்குக் கொண்டுபோனால், இடம் என்ற முதல் கேள்வியின் வலிமை இன்னும் தெளிவாகும். இலங்கை திருவரங்குளத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஆழங்குறைந்த பாக் நீரிணை, கடல் மட்டம் இன்றையதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்த பனியுகக் காலங்களில் தரையாகவே இருந்தது. விலங்குகள் நடந்து கடந்தன. அதனால் மரநாய், புனுகுப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை, அழுங்கு, தேவாங்கு எல்லாம் இரு கரையிலும் உண்டு. ஆனால் புலியும் ஓநாயும் வங்காள நரியும் மூங்கில் அணத்தானும் இலங்கையில் இல்லை. எனவே யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ நாய் போன்ற சிறு காட்டு விலங்கைக் கண்டால், அது பொன்னிற நரியாகவே இருக்க வேண்டும். அங்கு வேறு காட்டு நாயினம் இல்லை. மாறாக, நீர்நிலையோரம் புள்ளியுள்ள பருத்த பூனை தெரிந்தால் இலங்கையில் முதலில் எண்ண வேண்டியது மீன்பிடிப் பூனை. அது கொழும்பு நகரத்துச் சதுப்புகளில்கூட வாழ்கிறது. புதுக்கோட்டைக் கண்மாயில் அதே தோற்றம் தெரிந்தால், அந்தப் பெயர் கடைசியில்தான் வர வேண்டும்.

தீவுகளில் அங்கு மட்டுமே உள்ள இனங்கள் தோன்றுகின்றன. இலங்கையின் பொன்னிற மரநாய் அவ்வாறு உலகில் வேறெங்கும் இல்லாதது. அதன் நிறம் இடத்துக்கு இடம் மாறுவதைக் கொண்டு, 2009-இல் அதைப் பல இனங்களாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு ஆய்வுக் குழு முன்மொழிந்தது. 2015-இல் மரபணுவை ஒப்பிட்ட மற்றொரு குழு அந்தப் பிரிவுக்கு ஆதாரமில்லை என்று கண்டது. நிறத்தை நம்பியதால் வரும் சிக்கல் தேர்ந்த ஆய்வாளர்களையும் விடுவதில்லை.

கப்பலேறிப் போனவையும் உண்டு. புனுகுக்காகப் புனுகுப் பூனையை வணிகர்கள் மடகாஸ்கர், கொமோரோ, சான்சிபார் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். இன்று அங்கே அது காட்டு விலங்காகவே பெருகியிருக்கிறது. சான்சிபாரில் ஒருவர் கண்டு வியக்கும் புள்ளி விலங்கு, திருவரங்குளத்து வரப்பில் திரிவதன் உறவாக இருக்கலாம். மடகாஸ்கரிலோ சிக்கல் கூடுதல். அங்கே ஃபனலோக்கா என்ற உள்ளூர் ஊனுண்ணி உண்டு. அதற்கும் விலாவில் வரிசைப் புள்ளிகள். தோற்றத்தில் இரண்டும் நெருக்கம், வம்சத்தில் வெகு தூரம். ஃபனலோக்காவின் குட்டை வாலில் தெளிவான கருவளையங்கள் இராது. அது கிழக்குப் பகுதியின் ஈரக் காட்டை விட்டு அதிகம் வெளிவராது. இங்கும் வாலும் இடமும்தான் தீர்த்துவைக்கின்றன. கீரியின் கதை துயரமானது. 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது சிறு கீரிகள் கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க ஜமைக்கா தீவுக்குச் சென்றன. அவற்றின் வழித்தோன்றல்கள் பல தீவுகளுக்குப் பரவி, தரையில் கூடு கட்டும் பறவைகளையும் ஊர்வனவற்றையும் அழித்தன.

படம் இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. போர்னியோ தீவின் கயான் மென்தராங் தேசியப் பூங்காவில் 2003-இல் தானியங்கிக் கேமரா ஒன்றில் செந்நிற உடலும் நீண்ட, பருத்த வாலும் கொண்ட விலங்கு பதிவானது. உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கும் பெயர் தெரியவில்லை. 2005 டிசம்பரில் உலக வனவிலங்கு நிதியம் அதைப் புதிய ஊனுண்ணியாக இருக்கலாம் என்று அறிவித்தபோது உலகெங்கும் செய்தியானது. மறு ஆண்டே எரிக் மெய்ஜார்டும் உடனாய்வாளர்களும் அந்தப் படங்களில் உடல் விகிதத்தையும் வாலையும் காலையும் அளந்து, அது பெரும்பாலும் தாமஸ் பறக்கும் அணிலாக இருக்கும் என்று காட்டினர். இரவில் மரத்துக்கு மரம் தாவும் அந்த விலங்கு தரையில் நடக்கும் கோணம் யாருக்கும் பழக்கமில்லாதது. விலங்கு பிடிபடாததால் அந்த முடிவும் 'பெரும்பாலும்' என்ற அளவிலேயே நிற்கிறது.

அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் இரவுக் கேமராக்கள் நிறத்தையே பதிவு செய்வதில்லை. அதனால் கேமராவை விலங்கின் பக்கவாட்டுத் தோற்றம் விழும்படி, பாதைக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்தில் வைப்பார்கள். முகத்தைவிட வாலும் விலாவும் முழுதாக விழுந்த படமே பெயர் சொல்ல உதவும். தேதி, நேரம், இடம், அருகிலுள்ள மரம் அல்லது நீர்நிலை, விலங்கு போன திசை, எத்தனை இருந்தன என்ற விவரங்களை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் எழுதினால் நினைவு தானாகவே ஒரு பெயரைச் சேர்த்துவிடும்.

வேலிக்கம்பியில் சிக்கிய சில மயிர்களும் சான்றாகும். நுண்ணோக்கியில் மயிரின் மேற்பரப்புச் செதில்கள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்ட அமைப்பில் தெரியும். எச்சத்தில் ஒட்டியிருக்கும் குடல் செல்களிலிருந்து மரபணுவைப் பிரித்து இனத்தையே உறுதி செய்யலாம். ஐதராபாத்தில் உள்ள அருகிவரும் உயிரினங்களின் பாதுகாப்புக்கான ஆய்வகம் வனவிலங்கு வழக்குகளுக்காக இத்தகைய சோதனைகளைச் செய்கிறது. கீரி முதல் நரி வரை இங்கே பேசப்பட்ட ஊனுண்ணிகளும் அழுங்கும் தேவாங்கும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காக்கப்படுபவை. அடையாளம் தெரிந்துகொள்வதற்காக அவற்றைப் பிடிப்பதோ, இறந்து கிடப்பதை எடுத்துச் செல்வதோ குற்றம். தொலைவிலிருந்து படமெடுத்து வனத்துறைக்குத் தெரிவிப்பதே வழி.

படத்தில் உள்ளதை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்குப் புதுக்கோட்டை நகரையொட்டிய திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் விலங்கியல் பிரிவில் பதப்படுத்தி வைத்திருக்கும் உடல்களின் நிறம் ஆண்டுக்கணக்கில் வெளுத்துப்போயிருக்கலாம். ஆனால் காலின் உயரம், வாலின் நீளம், விரல்களின் எண்ணிக்கை ஆகியவற்றை இன்றும் அளந்து பார்க்கலாம்.